வலமிருந்து இடமாக ஒரு வம்பு!

"மாப்ள, உனக்கு அரபி தெரியுமா?"

"தெரியாது."

"பரவாயில்ல. கம்ப்யூட்டர் தெரியுமில்ல? போதும்."

இப்படித்தான் சார் ஆரம்பித்தது.

கேட்டவன் என் கல்லூரித் தோழன். பி.காம். வகுப்பில் மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பேப்பரைப் பார்த்து எழுதி, என்னைவிட நாலு மார்க் அதிகம் வாங்கியவன். சொந்த ஊர் கீழக்கரை. துபாயில் பல வருஷம் இன்னொருத்தர் கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக்குகளை மேய்த்துவிட்டு, கடன் வாங்கி, மனைவியின் வளையலை வைத்து, சொந்தமாக ஒரு ஏ.சி. சர்வீஸ் கடை போட்டிருந்தான். லீவில் ஊருக்கு வந்தவன் விசிட்டிங் கார்டு அடித்து எடுத்துப் போக ஆசைப்பட்டான். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் அரபி. ஆயிரம் கார்டு.

அரபி மேட்டரை அங்கிருக்கும் நண்பர் டைப் அடித்து போனில் அனுப்பிவிட்டார். கடைசி வரியில் 'தொலைபேசி' என்ற வார்த்தை வரை இருந்தது. நம்பர் மட்டும் இல்லை. கடைக்குப் புது நம்பர் அன்றைக்குத்தான் வந்திருந்தது. அதைச் சேர்த்து பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. ஒரு நம்பர் சேர்க்க அரபி எதற்கு? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நிஜ நம்பரைப் போடுவது நாகரிகமில்லை. +971 50 111 2222 என்று வைத்துக்கொள்வோம்.

மேட்டரை ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் போட்டு, கடைசி வரியின் முடிவில், அதாவது இடது ஓரத்தில், கர்சரை வைத்து பிளஸ் தட்டி, 971 அடித்தேன். பிளஸ் போய் 971-க்கு வலது பக்கத்தில் நின்றது! சரி, ஏதோ கோளாறு என்று ஸ்பேஸ் தட்டி 50 அடித்தால், அது 971-க்கு இடது பக்கத்தில் போய் உட்கார்ந்தது. 111 அதற்கும் இடது. 2222 அதற்கும் இடது. முடித்துவிட்டுப் பார்த்தால், இடமிருந்து படிக்கும்போது 2222 111 50 971+ என்று நிற்கிறது.

இலக்கம் எதுவும் மாறவில்லை. ஆனால் ரயில் பெட்டிகளைக் கழற்றி, கார்டு வேனை முன்னாலும் இன்ஜினைப் பின்னாலும் மாட்டிய மாதிரி இருந்தது.

விடுவேனா? கணக்குப் படித்தவன் ஆச்சே. எல்லாவற்றையும் அழித்தேன். இந்த முறை முதலில் 2222, பிறகு 111, பிறகு 50, பிறகு 971, கடைசியில் பிளஸ் என்று தலைகீழாகத் தட்டினேன். திரையில் +971 50 111 2222 என்று அழகாக வந்து நின்றது. 'பார்த்தாயா என் சாமர்த்தியத்தை' என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துவிட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பினேன்.

அந்த நிமிஷத்தில் நான் செய்தது எத்தனை பெரிய தப்பு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

* * *

அரபி, ஹீப்ரு, உருது, பாரசீகம்... இவையெல்லாம் வலமிருந்து இடமாக எழுதப்படுபவை என்பது தெரிந்த விஷயம். திசை என்பது மொழிக்குச் சொந்தமில்லை, எழுத்துக்குத்தான் சொந்தம் என்பது பலருக்குத் தெரியாது. என் தோழனின் பாட்டி வீட்டில் 'அரபுத் தமிழ்' புத்தகம் ஒன்று உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கை என்று தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர்களில் தமிழை அரபி எழுத்தில் எழுதும் வழக்கம் இருந்தது. தமிழ் ஒலிகளுக்கென்று கூடுதல் எழுத்துகளும் வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டி படித்தது அட்சர சுத்தமான தமிழ். கண் ஓடியது வலமிருந்து இடம்.

கம்ப்யூட்டருக்குள் போனால் கதை வேறு. அதன் மெமரியில் இடதும் கிடையாது, வலதும் கிடையாது. முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்று ரேஷன் கடை கியூ மட்டும்தான் உண்டு. யார் முதலில் வந்தாரோ அவர் முதலில். தமிழானாலும் அரபியானாலும், வாசிக்கும் வரிசையில்தான் எழுத்துகள் உள்ளே நிற்கின்றன. திரையில் காட்டும்போதுதான் 'அரபியா? வலது ஓரத்திலிருந்து அடுக்கு' என்று முடிவாகிறது.

காமர்ஸ் ஆசாமிகளுக்கு இது சுலபமாகப் புரியும். நம் பழைய பாணி பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் இடது பக்கம், சொத்துகள் வலது பக்கம். அமெரிக்க பாணியில் சொத்துகள் இடது பக்கம். பக்கம் மாறியதால் யாராவது பணக்காரர் ஆனதுண்டா? நாள்வாரியாக எழுதிய ஜர்னல் அதேதான்.

முழுக்க அரபியாக இருந்தால் வம்பே இல்லை. வம்பு, இரண்டு திசைகள் ஒரே வரியில் சந்திக்கும்போதுதான். அரபி வாக்கியத்துக்குள் ஒரு இங்கிலீஷ் கம்பெனி பெயர் வரும். விலை வரும். தேதி வரும். போன் நம்பர் வரும். எண்கள் அரபியிலும் நம்மைப் போலவே பெரிய இலக்கம் இடது பக்கம் நிற்கும்படிதான் எழுதப்படுகின்றன. (நாம் எழுதும் 1, 2, 3-க்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் அரபு எண்கள். அரபிகளோ தாங்கள் எழுதுவதை இந்திய எண்கள் என்பார்கள். ஆளுக்கு ஆள் அடுத்தவர் பெயரில் பில்!) ஆக, ஒரே வரியில் கண் வலமிருந்து இடம் போய், எண் வந்ததும் இடமிருந்து வலம் திரும்பி, மறுபடி வலமிருந்து இடம் போக வேண்டும். மனிதனுக்கு இது பழக்கம். கம்ப்யூட்டருக்கு யாராவது சட்டம் எழுதித் தர வேண்டும்.

எழுதித் தந்திருக்கிறார்கள். உலக எழுத்துகளுக்கெல்லாம் நம்பர் கொடுக்கும் யூனிகோட் அமைப்பு, இருதிசை எழுத்துக்கென்றே ஒரு தனி விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. அதன் ஒன்பதாம் எண் இணைப்பு. படிக்க உட்கார்ந்தேன். வருமான வரிச் சட்டம் தேவலை. ஆனால் அரை மணி நேரத்தில் ஒன்று புரிந்தது. இது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் சார். சட்டசபை!

கேளுங்கள். எல்லா எழுத்துகளும் எம்.எல்.ஏ.க்கள். 'அ', 'ஆ', 'ஏ', 'பி' எல்லாம் இடமிருந்து வலம் போகும் கட்சி. அரபி, ஹீப்ரு எழுத்துகள் வலமிருந்து இடம் போகும் கட்சி. இவர்கள் கொள்கைக் குன்றுகள். எங்கே உட்கார வைத்தாலும் மாற மாட்டார்கள். எண்கள் கூட்டணிக் கட்சி. தங்களுக்குள் வரிசை எப்போதும் இடமிருந்து வலம்தான். ஆனால் சபையில் எந்த இடத்தில் உட்காருவது என்பதைப் பெரிய கட்சி சொல்லும்.

ஸ்பேஸ், கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, பிளஸ்... இவைதான் சுயேச்சைகள். இரண்டு பக்கமும் ஒரே கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்சியோடு சேர்ந்துவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி என்றால்? சந்தேகமே வேண்டாம், ஆளுங்கட்சிதான். ஆளுங்கட்சி எது? அந்தப் பத்தியின் திசை. பெரும்பாலும் பத்தியின் முதல் எழுத்து எந்தக் கட்சியோ, அதுதான் ஆட்சி.

இப்போது என் தோழனின் நம்பரைப் பாருங்கள். ஆட்சி அரபி. 971, 50, 111, 2222 நாலும் கூட்டணிக் கட்சிகள். நடுவில் நிற்கும் ஸ்பேஸ்கள் சுயேச்சைகள். அவை ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்ததும் நம்பர் நாலு துண்டாக உடைந்து, துண்டுகள் வலமிருந்து இடமாக அடுக்கப்பட்டன. சட்டப்படி எல்லாம் சரி. எனக்குத்தான் சட்டம் தெரியவில்லை.

இதில் உபகதை ஒன்றும் உண்டு. இடைவெளிக்குப் பதில் நடுவில் சின்னக் கோடு, அதாவது ஹைஃபன், போட்டு 050-1112222 என்று எழுதினால், ஹீப்ரு வரியில் அது அப்படியே நிற்கும். அதையே அரபி வரியில் போட்டால் 1112222-050 என்று கவிழும். எண் அரபி எழுத்தைத் தொடர்ந்து வந்தால் அதற்கு வேறு விதி. ஒரே நம்பர், ஒரே எடிட்டர், பக்கத்து வார்த்தை வேறு, காட்சி வேறு. 'சரியாத்தானே வந்தது, நேத்து பார்த்தேனே' என்று சத்தியம் செய்பவர்களைச் சந்தேகப்படாதீர்கள்.

* * *

காட்டுவதே இந்தக் கஷ்டம் என்றால் திருத்துவது எப்படி இருக்கும்? ஆசைப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நோட்பேடில் அரபியும் இங்கிலீஷும் கலந்த வரிகளை வைத்துக்கொண்டு விளையாடினேன். (மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டாள்.)

வலது பக்கத்து கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் பத்தி வலது ஓரத்துக்குத் தாவுகிறது. அரபி கீபோர்டு சேர்த்துக்கொண்ட விண்டோஸில் இந்த வசதி உண்டு. ஹோம் பட்டனைத் தட்டினால் கர்சர் வலது ஓரத்துக்குப் போகிறது. நியாயம்தான், வரி அங்கேதானே ஆரம்பிக்கிறது. பேக்ஸ்பேஸ் தனக்கு வலது பக்கத்து எழுத்தைத் தின்கிறது. அதுவும் நியாயம்.

அம்புக்குறிதான் ஆளைக் கவிழ்க்கிறது. அரபிக்குள் போய்க்கொண்டிருந்த கர்சர், இங்கிலீஷ் வார்த்தை வந்ததும் அதன் மறு ஓரத்துக்கு ஒரே தாவாகத் தாவி, எதிர்த்திசையில் ஊர்ந்து வருகிறது. வார்த்தை முடிந்ததும் மறுபடி ஒரு தாவல். மெமரியின் கியூவில் அது ஒழுங்காக ஒவ்வொரு ஆளாகத்தான் நகர்கிறது. திரையில் பார்க்கும் நமக்குத்தான் குரங்காட்டமாகத் தெரிகிறது. 'இடது அம்பு தட்டினால் கண்ணுக்கு இடது பக்கம்தான் போகணும்' என்று வைத்த சாஃப்ட்வேர்களும் உண்டு. அவற்றில் கர்சர் ஒழுங்காக நகரும், ஆனால் கியூவில் முன்னும் பின்னும் போகும். இரண்டில் எது சரி என்று இன்றுவரை ஏகமனதான தீர்ப்பு இல்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். விரல் இடது என்றால் கண்ணும் இடது பார்க்க வேண்டாமா?

இதைவிட விசித்திரம், இரண்டு திசைகள் சந்திக்கும் எல்லை. அரபி வார்த்தை முடிந்து இங்கிலீஷ் ஆரம்பிக்கிற இடம் என்பது கியூவில் ஒரே இடம். ஆனால் திரையில் அதற்கு இரண்டு விலாசம். அடுத்து நீங்கள் அரபி எழுத்து தட்டினால் ஒரு இடத்தில் விழும்; இங்கிலீஷ் எழுத்து தட்டினால் வேறு இடத்தில் விழும். கர்சர் எங்கே நிற்பது? பாவம், இரண்டு பெண்டாட்டிக்காரன் நிலைமை.

மவுஸால் இழுத்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால், நீலப் பட்டை சில சமயம் இரண்டு துண்டாக, நடுவில் ஓட்டையோடு தெரிகிறது. கியூவில் தொடர்ச்சியான ஆட்கள்தான். திரையில் அவர்கள் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டைக்குள் தெரிகிற வார்த்தை காப்பி ஆகாது. அரபியிலோ ஹீப்ருவிலோ தினம் ஆபீஸ் கடிதம் அடிக்கிறவர்கள் இதோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள். அடைப்புக்குறியில் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். மெமரியில் அது 'திறக்கிற குறி' என்றுதான் பதிவாகிறது. அரபிக்குள் வந்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி தானே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அரபிக்கு இன்னொரு தனிச் சங்கடமும் இருக்கிறது. எழுத்துகள் கைகோத்து நிற்பவை. ஒரே எழுத்துக்கு வார்த்தையின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனியாக நின்றால் ஒன்று என்று நாலு வடிவம் வரை உண்டு. அலிஃப், தால், ரே, வாவ் மாதிரி ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்தவர் கையைப் பிடிக்காது. நடுவில் ஒரு எழுத்தை அழித்தால் இரண்டு பக்கத்து எழுத்துகளும் உடம்பை மாற்றிக்கொள்கின்றன. மெமரியில் எழுத்து மாறவில்லை, காட்சிதான் மாறுகிறது. உருதுவின் நஸ்தலீக் பாணியில் எழுத்துகள் சரிவாக வேறு இறங்கும். 1927-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி உருது நாளிதழ் 'முஸல்மான்' பல பத்தாண்டுகள் கையாலேயே எழுதப்பட்டு அச்சானது. கையால் எழுதுவதில் ஒரு நிம்மதி. எழுதுகிறவரும் படிக்கிறவரும் பார்ப்பது அதே காகிதம். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்ற பேச்சே இல்லை.

* * *

நான் செய்த தப்பு எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால், ஒரு தேசமே அதைச் செய்திருக்கிறது.

1990-களில் இஸ்ரேலில் இன்டர்நெட் பரவிய புதிதில், பிரவுசர்களுக்கு வலமிருந்து இடம் அடுக்கத் தெரியாது. ஹீப்ருவில் பக்கம் போட வேண்டும், என்ன செய்வது? என்னைப் போலவே யோசித்தார்கள். ஒவ்வொரு வரியையும் தலைகீழாகவே சேமித்துவிட்டார்கள். கடைசி எழுத்து முதலில், முதல் எழுத்து கடைசியில். பிரவுசர் தன் வழக்கப்படி இடமிருந்து அடுக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். இதற்கு 'விஷுவல் ஹீப்ரு' என்றே பெயர்.

ஜன்னலைக் கொஞ்சம் குறுக்கினால் போச்சு. ஒரு நீள வரி இரண்டாக மடங்கும்போது, வாக்கியத்தின் முடிவு மேல் வரியிலும், ஆரம்பம் கீழ் வரியிலும் விழும். கொலைகாரன் யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும் துப்பறியும் கதை! அதனால் ஒவ்வொரு வரியையும் கையால் உடைத்து வைத்தார்கள். ஒரு வார்த்தையைத் தேடினால் கிடைக்காது, அதுவும் தலைகீழாக இருக்கிறதே. நடுவில் ஒரு வார்த்தை சேர்த்தால் பத்தி முழுக்க மறுபடி உடைத்து அடுக்க வேண்டும். பிறகு பிரவுசர்கள் கற்றுக்கொண்டன. வாசிக்கும் வரிசையில் சேமிக்கும் முறை ஜெயித்தது.

நாம் சிரிக்க வேண்டாம். நம் வீட்டிலும் அதே கதை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால், 'க' பின்னால். டைப்ரைட்டரில் பழகிய விரல் முதலில் கொம்பைத்தான் தட்டும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்களும் கண்ணில் தெரிகிற வரிசையில் கொம்பை முன்னால்தான் சேமித்தன. யூனிகோடில் 'க' முதலில். கொம்பு அதன் பின்னால் கியூவில் நிற்கும், திரையில் மட்டும் முன்னால் வந்து நிற்கும். பழைய ஃபான்ட் மேட்டரை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவி, படிப்பவர் கண்ணில் தண்ணீர் வந்ததெல்லாம் இந்தப் பங்காளித் தகராறுதான்.

எடிட்டர்கள் இந்த விஷயத்தில் சுறுசுறுப்பு என்று சொல்ல முடியாது. புரோகிராமர்கள் சத்தியம் செய்யும் இரண்டு எடிட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். விம் எடிட்டரில் 'ரைட்லெஃப்ட்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. போட்டால் ஜன்னல் முழுக்கக் கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பும். அரபி ஒழுங்காக வரும், அதே வரியிலுள்ள இங்கிலீஷ் தலைகீழாகும். வீட்டில் ஒருத்தருக்குச் சளி என்று எல்லாருக்கும் ஊசி போட்ட கதை.

ஈமாக்ஸ் இன்னும் சுவாரசியம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்ட எடிட்டர். அதில் முழுமையான இருதிசை வசதி வந்தது 24.1 பதிப்பில், 2012-ல். நடுவில் 27 வருஷம்! அதைச் செய்து முடித்தவர் இஸ்ரேலைச் சேர்ந்த எலி ஸாரெட்ஸ்கி. ஏன் இத்தனை நாள்? ஈமாக்ஸின் அடிமடியில், 'மெமரியில் அடுத்த எழுத்து என்றால் திரையிலும் அடுத்த இடம்' என்ற நம்பிக்கை ஊறிக் கிடந்தது. திரையில் காட்டும் பகுதியே அந்த நம்பிக்கையின் மேல் கட்டியது. கட்டி முடித்து ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை. நம்மூர் மேஸ்திரி கேட்டிருந்தால் 'இடிச்சுட்டுப் புதுசா கட்டிரலாம் சார்' என்றிருப்பார். ஸாரெட்ஸ்கி இடிக்காமல் மாற்றினார்.

* * *

'நான் என் ஜென்மத்தில் அரபி டைப் அடிக்கப் போவதில்லை, எனக்கென்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை.

சட்டசபையில் கண்ணுக்குத் தெரியாத சில உறுப்பினர்கள் உண்டு. திரையில் எந்த வடிவமும் இல்லாத, திசையை மட்டும் மாற்றுகிற எழுத்துகள். சுயேச்சைகள் தப்பான பக்கம் போகாமல் இழுத்துப் பிடிக்க வைத்த காவல்காரர்கள். அவர்களில் ஒருவர், 'எனக்குப் பின்னால் வருகிறவர் எந்தக் கட்சியானாலும் சரி, வலமிருந்து இடமாக நில்' என்று அதட்டுகிற ஆசாமி. இவரை ஃபைல் பெயருக்குள் ஒளித்து வைத்தால் என்ன ஆகும்? நிஜத்தில் .எக்ஸ்இ என்று முடிகிற புரோகிராம், திரையில் .ஜேபிஜி என்று முடிகிற சாது போட்டோ மாதிரி தெரியும். கல்யாண போட்டோ என்று நம்பித் திறந்தால் வைரஸ். இந்த வித்தையில் ஏமாந்த ஆபீஸ்கள் உண்டு.

2021 நவம்பர் 1-ம் தேதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிகோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் இதைவிடப் பெரிய குண்டு ஒன்றைப் போட்டார்கள். 'ட்ரோஜன் சோர்ஸ்' என்று பெயர். புரோகிராமுக்குள்ளேயே இந்த ஒளிந்த எழுத்துகளை வைக்கலாம். 'பணம் எடுக்கும் முன் இன்னார்தானா என்று சரிபார்' என்ற வரி, பார்க்கிறவர் கண்ணுக்குக் கட்டளையாகத் தெரியும். மெஷினுக்கோ அது வெறும் குறிப்புரைக்குள் கிடக்கும் வார்த்தை, தாண்டிப் போய்விடும். சரிபார்ப்பே நடக்காது. பத்து பேர் உட்கார்ந்து படித்து 'ஓகே' போட்டாலும் பத்து பேர் படித்தது வேறு, மெஷின் படித்தது வேறு. அதே நாளில் ரஸ்ட் மொழிக்காரர்கள் 1.56.1 என்று திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். பல எடிட்டர்கள் இந்த ஒளிந்த எழுத்துகளைக் கட்டம் கட்டிக் காட்ட ஆரம்பித்தன.

'அந்த எழுத்துகளையே தடை செய்துவிட்டால்?' என்று கேட்கத் தோன்றும். செய்ய முடியாது. ஒழுங்காக அரபி எழுதுகிறவருக்கு அவை வேண்டும். திருடன் ஏணி வைத்து ஏறினான் என்று ஏணியைத் தடை செய்தால் வெள்ளையடிக்கிறவர் என்ன செய்வார்?

* * *

சரி, கார்டுக்கு வருவோம்.

பிரஸ்ஸில் இருந்தவர் நான் அனுப்பிய மேட்டரில் நம்பரை மட்டும் வெட்டி, தடிமனாகத் தெரியட்டும் என்று தனிக் கட்டத்தில் ஒட்டினார். அங்கே அரபி எழுத்தே கிடையாது. ஆட்சி மாறிவிட்டது. கட்டம், மெமரியில் என்ன இருந்ததோ அதை இடமிருந்து வலமாக நேர்மையாகக் காட்டியது: 2222 111 50 971+. நான் கண்ணை நம்பித் தலைகீழாக ஊட்டியது அப்படியே வெளியே வந்தது. முதலில் எனக்குத் தப்பாகத் தெரிந்த அந்த நம்பரைத் தொடாமல் விட்டிருந்தால், அந்தக் கட்டத்தில் சரியாக வந்திருக்கும்! இதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் போகிறது.

புரூஃப் வந்தது. பார்த்தேன். 'அரபிப் பக்கம்தானே, அப்படித்தான் இருக்கும்' என்று நினைத்து ஓகே சொன்னேன். பிரஸ்காரரும் அதையேதான் நினைத்தாராம். ஆயிரம் கார்டு அடித்து, பெட்டி கட்டி, என் தோழன் மே மாதம் விமானம் ஏறினான். வளைகுடாவில் ஏ.சி. கடைக்கு அதுதான் சீசன்.

ஜூன் கடைசியில் போன் வந்தது.

"மாப்ள, மலையாளத்துக்காரன் கூப்பிடுறான், பாகிஸ்தானி கூப்பிடுறான், நம்ம ஊர் ஆளுங்க கூப்பிடுறாங்க. பெரிய பெரிய வில்லாவுல கார்டு கொடுத்திருக்கேன்டா. அரபிக்காரங்கள்ல ரெண்டே ரெண்டு பேர்தான் இதுவரைக்கும் பேசியிருக்காங்க. எனக்கு என்னமோ ராசியில்லன்னு தோணுது."

கடையை வாடகைக்கு விட்ட அரபிப் பெரியவர்தான் கண்டுபிடித்தாராம். வீட்டில் ஏ.சி. ரிப்பேர் என்று கார்டை எடுத்து, அச்சில் இருந்தபடியே அடித்திருக்கிறார். நம்பர் போகவில்லை. கடைக்கே நடந்து வந்து கார்டை மேஜையில் வைத்து, "இது எந்த நாட்டு நம்பர்?" என்று கேட்டிருக்கிறார். அந்த இரண்டு புண்ணியவான்கள், 971+ என்று வால் பக்கம் இருப்பதைப் பார்த்து யூகித்துப் புரட்டி அடித்தவர்கள்.

சீசனில் பாதி போயிருந்தது. வளையல் இன்னும் கடையில்தான் இருந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி விடு மாப்ள, உனக்குத்தான் அரபி தெரியாதுன்னு சொன்னியே" என்றான்.

புதிதாக ஆயிரம் கார்டு என் செலவில் அடித்து அனுப்பினேன். இந்த முறை நம்பரை வாசிக்கும் வரிசையிலேயே தட்டினேன். பிளஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத காவல்காரர் ஒருவரை, இடமிருந்து வலம் போகும் கட்சிக்காரரை, உட்கார வைத்தேன். யூனிகோடில் அவருக்கு 200இ என்று எண். நோட்பேடில் ரைட் கிளிக் மெனுவிலேயே கிடைத்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் பிளஸ், 971, ஸ்பேஸ் எல்லாம் ஓடிவந்து அவர் பின்னால் ஒழுங்காக நின்றன. அரபி வரிக்குள்ளும் சரி, தனிக் கட்டத்திலும் சரி, +971 50 111 2222.

அதற்கும் மேல் பயம் போகாமல், அடியில் சின்ன எழுத்தில் அதே நம்பரை 00971501112222 என்று பிளஸ்ஸும் இடைவெளியும் இல்லாமல் இன்னொரு முறை போட்டேன். நடுவில் சுயேச்சைகளே இல்லாத தொடர் எண்ணை யாராலும் உடைக்க முடியாது. புரூஃப் வந்ததும் ஓகே சொல்லவில்லை. அரபிப் பக்கத்தில் அச்சாகியிருந்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து என் போனில் அடித்தேன்.

ஐ.எஸ்.டி. கால். மணி அடித்தது.

"ஹலோ, யாரு?" என்றான்.

"அரபிப் பக்கத்தைப் பார்த்து அடிச்சேன்டா" என்றேன்.

"அப்ப பிரிண்ட் போடச் சொல்லு. ஒரு கஸ்டமர் வெயிட் பண்றாரு" என்று வைத்துவிட்டான்.